மணற்காரின் இடப்பக்கத் தகடு

எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணாவைப் பற்றி எழுதும்படி அண்ணி கேட்டபோது, “எழுதினால் எல்லாவற்றையும் எழுதுவேன், ஒன்றையும் மறைக்க ஏலாது” என்றேன். அண்ணி சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அண்ணா அன்புவழிபுரத்தில் பிறந்தவர். எங்கள் அப்பா துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை செய்தார். அவர் நெஞ்சுவலியில் காலமானபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அண்ணா அந்த மாதமே படிப்பை விட்டுத் துறைமுகப் பக்கத்தில் படகு திருத்தும் பட்டறை ஒன்றில் தகட்டு வேலைக்குச் சேர்ந்தார். என்னை மட்டும் படிப்பை விட அவர் அனுமதிக்கவில்லை. நான் அரசாங்க மருத்துவிச்சியாகப் பயிற்சி முடித்து வந்த நாளில்தான் தன் திருமணப் பேச்சுக்குத் தலையாட்டினார். உப்புவெளியில் சொந்தமாக, வண்டி திருத்தும் கராச் ஒன்று போட்டதும் அதன் பிறகுதான்.

யுத்தம் இறுகிய ஒரு வருடத்தில், கண்ணிவெடிப் பயத்தால் வடக்கே புல்மோட்டைப் பக்கம் போகும் வீதியை மூடிவிட்டார்கள். என் பொறுப்பில் இருந்த மீனவக் குடியிருப்புகள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக் கடற்கரை மணல் ஒன்றே வழி. மணலில் சைக்கிள் ஓடாது. படகில் போகவும் தடை.

அண்ணாவின் கராச்சின் பின்புறம் ஒரு மணற்கார் கிடந்தது. உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்திய வெளிநாட்டுக்காரர் ஒருவர் கடற்கரையில் ஓடித் திரிவதற்காக வைத்திருந்து, கலவரம் தொடங்கியதும் விட்டுப்போனது. இரும்புக் குழாய்ச் சட்டம், பின்னால் ஒரு எஞ்சின், அகன்ற நான்கு சில்லுகள், அவ்வளவுதான். அண்ணா அதன் எஞ்சினை உயிர்ப்பித்தார். இடப்பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு ஒரு பலகையைக் கட்டினார். முதன்முதலாக அதில் நாங்கள் ஏற்றிவந்த தாய் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தலை முதல் கால் வரை ஈரமணலாக இருந்தார். திறந்த சில்லுகள் வாரி இறைத்த மணல் கண்ணிலும் வாயிலும் போயிருந்தது.

“இப்பிடிக் கொண்டுபோக ஏலாது அண்ணா,” என்றேன்.

“தகடு அடிக்கவேணும்,” என்றார் அவர்.

தகட்டுக்கு எங்கே போவது? கிண்ணியாவில் பழைய இரும்பு வியாபாரம் செய்த அண்ணாவின் நண்பர் ஒருவர் இருந்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்களும் அவரை நானா என்போம். ஏலத்தில் எடுத்த பழுதடைந்த பஸ் ஒன்றின் பக்கத்து அலுமினியத் தகடுகளை அவர் படகுத் துறை கடந்து ஏற்றி அனுப்பினார்.

அண்ணா சீமெந்துக் கடதாசியில் அளவு வெட்டி, அதைத் தகட்டில் வைத்துக் கீறி வெட்டினார். வளைக்க வேண்டிய இடத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்து ஊதுவிளக்கால் சூடு காட்டுவார். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. சவர்க்காரம் கறுத்ததும் விளக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு கணம் பிந்தினால் தகடு ஓட்டையாகிவிடும். இன்னொரு தகடு எங்களிடம் இல்லை.  சூடு காட்டிய தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டினால் அது அவர் சொன்னபடி வளையும்.

பலகையில் படுப்பவரின் உடம்பில் இரும்புக் குழாய் இடிக்காதபடி இரண்டு பக்கமும் வெளித்தகடு, உள்தகடு என்று இரட்டையாக அமைத்தார். ஓரங்களில் இரண்டும் ஒட்டியிருக்கும், நடுவில் நாலு விரல் இடைவெளி. இரும்பும் அலுமினியமும் உப்புக்காற்றில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று, சட்டத்தில் படும் இடமெல்லாம் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்தார். மணலில் ஓடும் குலுக்கலுக்குத் திருகாணி நிற்காது என்று சொல்லி முனையை நசுக்கி இறுக்கும் றிவிற் ஆணியால் அறைந்தார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே அவர் சுத்தியலோடு, உள்ளே நான் ஒரு இரும்புக் கட்டியை ஆணியின் மறுமுனையில் அழுத்திப் பிடித்தபடி.

“பிடிச்சிட்டியா?”

“ஓம் அண்ணா.”

மூன்று அடி. பிறகு அடுத்த ஆணி. ஒருவரையொருவர் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான்.

ஆணி அறைவதற்கு முன் பார்த்தால், பழைய பஸ் தகட்டின் இரண்டு முகத்திலும் சிவப்புப் பூச்சும் இலக்கங்களும் இருந்தன. அண்ணா வெளிமுகத்தைச் சுரண்டி முடித்துவிட்டு உள்முகத்தையும் சுரண்டத் தொடங்கினார். வடக்கில் இரண்டு பேருக்கு மாதம் நெருங்கிவிட்ட அவசரத்தில் நான், “உள்பக்கம்தானே, ஆர் பாக்கப்போகினம்? விடுங்கோ,” என்றேன். அவர் விட்டுவிட்டார்.

நாங்கள் சுத்தியல் அடித்த சத்தம் கதையாகப் பரவியது. ஒரு காலை, ஆறு சிப்பாய்களுடன் ஓர் அதிகாரி கராச்சுக்குள் வந்தார்.

“நீ கவச வண்டி செய்யிறது எண்டு கதை வந்தது,” என்றார், தட்டுத்தடுமாறிய தமிழில்.

“இல்லை சேர். பிள்ளைத்தாச்சிகளைக் கொண்டுபோற வண்டி.”

“அப்ப ஏன் தகடு?”

அண்ணா வெட்டிப்போட்ட தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, சாதாரண ஆணி ஒன்றை நிறுத்தி ஒரே ஒரு அடி அடித்தார். ஆணி மறுபக்கம் வந்தது.

“ஆணியே நிக்கயில்லை சேர். குண்டு நிக்குமோ?”

அதிகாரி அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, பக்கத் தகடு இருப்பவரின் முழங்கைக்கு மேல் உயரக் கூடாது, வெள்ளை பூச வேண்டும், மாலை ஐந்துக்குப் பின் ஓடக் கூடாது என்று ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். சில மாதங்கள் அந்தக் கடிதம் எங்களை எல்லாச் சாவடியிலும் கடக்க விட்டது.

பிறகு ஒரு நாள் பிற்பகல் யோகம் என்ற பெண்ணை ஏற்றினோம். முதற்பிள்ளை. எட்டு மாதம் முடிந்திருந்தது. வலி இல்லாமலே இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தால்தான் இரண்டு உயிரும் மிஞ்சும். யோகத்தின் தாயார் அவளுடைய தலைமாட்டில் குந்தியிருந்தார். அண்ணா ஈரமணல் இறுகிய அலை ஓரமாகவே ஓட்டினார்.

உப்புவெளிக்குச் சற்று முன் இருந்த சாவடியில் முதல் நாள்தான் படையினர் மாறியிருந்தார்கள். புதிய அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு, “இவர் இப்ப இங்க இல்லை,” என்று திருப்பித் தந்தார். ஒரு சிப்பாய் துவக்கின் பிடியால் இடப்பக்கத் தகட்டைத் தட்டினார். உள்ளே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

“திற.”

“திறக்கிற மாதிரிச் செய்யயில்லை சேர். ஆணி அறைஞ்சது. இந்தப் பிள்ளைக்கு இரத்தம் போகுது. ஆஸ்பத்திரியில விட்டிட்டு வந்து எல்லாத்தையும் கழட்டிக் காட்டுறன்.”

“இப்ப திற.”

யோகத்தைப் பலகையோடு இறக்கி மணலில் வைத்தோம். அண்ணா உளியை எடுத்தார். நானும் அவரும் அறைந்த ஒவ்வோர் ஆணியின் தலையாக வெட்டினார். நல்ல இறுக்கமாக அறைந்திருந்தோம். ஒரு தலை பறக்க நாலைந்து அடி பிடித்தது. நான் யோகத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் விரலின் கீழ் மெலிந்து விரைந்தது. “மிஸி, பிள்ளை அசையுதா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். “கதைக்காத அம்மா,” என்றேன். ஒரு சிப்பாய் தன் தண்ணீர்ப் போத்தலை யோகத்தின் தாயாரிடம் நீட்டினார். அவர் அதை வாங்காமல் மகளின் நெற்றியைத் துடைத்தபடி இருந்தார்.

கடைசி ஆணி போனதும் அண்ணா இரண்டு தகட்டையும் பிய்த்து எடுத்தார். இடைவெளியில் ரப்பர்த் துண்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை. சோதனை முடிந்தது, இனி விடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அதிகாரி வெளித்தகட்டைப் புரட்டிப் பார்த்தார். உள்முகத்தில் சிவப்புப் பூச்சும் பஸ்ஸின் இலக்கமும் அப்படியே இருந்தன.

“இது அரசாங்க பஸ். கலவரத்தில எரிச்ச பஸ்ஸா? ஆர் தந்தது?”

பெயரைச் சொன்னால் அன்றே கிண்ணியாவுக்கு ஜீப் போகும் என்று அண்ணாவுக்குத் தெரியும். அந்த நாள்களில் பிடித்துக்கொண்டுபோனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

“நான்தான் எடுத்தனான்,” என்றார். “என்னை வைச்சிருங்கோ. வண்டியை விடுங்கோ. என்ர தங்கச்சி ஓட்டுவா.”

நான் அந்த வண்டியை அதற்கு முன் இரண்டே தடவைதான் ஓட்டியிருந்தேன், அதுவும் ஆளில்லாக் கடற்கரையில். அதிகாரி என்னைப் பார்த்தார், யோகத்தைப் பார்த்தார், போகும்படி கையைக் காட்டினார்.

பலகையை ஏற்றியதும் அண்ணா என் பக்கம் குனிந்தார். “இரண்டாம் கியர். மாத்தாத. பின்னால பாக்காத.”

நான் பார்க்கவில்லை. திறந்து கிடந்த இடப்பக்கத்தில் யோகத்தின் தாயார் தன் உடம்பையே தகடாகக் கொடுத்து மகளை அணைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை எஞ்சின் அலறியபடி இரண்டாம் கியரிலேயே போனேன்.

யோகம் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. முன்னரே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்கத் தொடங்கியபோது, “அப்படிச் சொல்ல ஏலாது மிஸி,” என்று வைத்தியர் முடித்துவிட்டார்.

அண்ணி சாவடி சாவடியாக அலைந்தார். அண்ணா எங்கே என்று எவரும் சொல்லவில்லை. நான்காம் நாள் கிண்ணியா நானா தாமாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏலத்தில் பஸ் எடுத்த கடதாசி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

“அவன் என்ட பேரச் சொல்லல்லியா?” என்று கேட்டார்.

“இல்லை நானா.”

“பைத்தியகாரன்,” என்றார். அவருடைய கண் கலங்கிவிட்டது. வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்தச் சாவடிக்குப் பொறுப்பான படை முகாமுக்குப் போனார். தானே விற்றவன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவரை வெளியே விடுவார்களா என்று எவருக்கும் தெரியாது. பின்னேரம் இரண்டு பேரும் ஒன்றாக நடந்து வந்தார்கள்.

உள்ளே நடந்தது எதையும் அண்ணா கடைசிவரை எவருக்கும் சொல்லவில்லை. படலையைத் திறந்ததும் அவர் கேட்டது ஒரே ஒரு சொல்.

“பிள்ளை?”

நான் சொன்னேன். அவர் அப்படியே முற்றத்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். உள்முகத்தைச் சுரண்ட வேண்டாம் என்றது நான்தானே என்று அழுதேன். “உன்னாலயும் இல்லை, என்னாலயும் இல்லை. போய் முகத்தைக் கழுவு,” என்றார். அதன் பின்னர் அந்தப் பேச்சை அவர் எடுத்ததேயில்லை, கோபத்தில்கூட.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். நானா கொடுத்தனுப்பிய வேறு தகட்டை இடப்பக்கத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். இம்முறை இரண்டு முகத்தையும் வெள்ளை வெளேரென்று சுரண்டியிருந்தார். கீழ் ஓரத்தில் பிணைச்சல், மேல் ஓரத்தில் இரண்டு கொளுக்கி. விரலால் தட்டினால் முழுப்பக்கமும் கதவுபோல விழுந்து திறந்தது.

“இனி ஆர் திற எண்டாலும் இந்தா எண்டு காட்டலாம்,” என்றார்.

வீதி மறுபடி திறக்கும் வரை அந்த வண்டி ஓடியது. எல்லாச் சாவடியிலும் நிறுத்தினார்கள். எல்லாவற்றிலும் அண்ணா கேட்பதற்கு முன்னமே கொளுக்கியைத் தட்டினார். யோகத்தின் பிந்திய இரண்டு பிள்ளைகளும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தார்கள்.

சமாதானம் வந்த பிறகும் அண்ணா கராச்சை மூடவில்லை. இறுதி வருடத்தில் நுரையீரல் தளர்ந்து, நாலடி நடந்தாலே இளைத்தது. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.  ஒரு காலை அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்விட்டார்.

நோயின்போது இரவு பகல் பாராமல் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், மரணவீட்டில் எல்லாப் பொறுப்பையும் தோளில் ஏற்றுக்கொண்ட அயலவருக்கும், சமையலைத் தன் பொறுப்பாக எடுத்த யோகத்துக்கும், துறை கடந்து வந்து பாடை தூக்கிய நானாவின் மகன்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முகத்துக்கு நேரே நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடம் அனுப்பியதற்கும் சொல்லவில்லை, சாவடியில் நின்றதற்கும் சொல்லவில்லை. கடைசிக் கிழமை சொல்ல நினைத்து, சொன்னால் தான் போகப்போவது அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன், அண்ணா.

அன்புத் தங்கை