உயிருள்ள காட்டுக்கு நான் கொடுத்த மரணச் சான்றிதழ்

1. செவ்வாய்க்கிழமை, மதிய உணவுக்குப் பிறகு

நான் ஒரு காட்டைக் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கையில் கோடரி கிடையாது, ஒரு மௌஸ் மட்டும்தான். வயிறு நிறைய நாசி கண்டார் சோறும் குழம்பும் வேறு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் வீடு, கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் ஆபீஸ். இருபத்தாறு வருஷமாகப் பாலத்தைத் தாண்டிப் போய், சாட்டிலைட் எடுத்த படங்களைப் பார்த்து, எது காடு, எது தோட்டம், எது வெட்டிப்போட்ட நிலம் என்று நிறம் கொடுத்து மேப் போடுகிறேன். பெரும்பாலும் கெடா, பேராக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்கள்தான். இந்த வருஷம்தான் முதல் முறையாக ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வேலை வந்தது. ஜாம்பியாவில் ஒரு கிராமத்துக் காடு.

அந்தக் காட்டை ஊர்க்காரர்களே ஒரு கமிட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு பகுதியில் மரம் வெட்டி, அடுக்கி, மேலே மண் மூடி எரித்துக் கரி எடுக்கிறார்கள். இன்னொரு பகுதியில் மரங்களில் தேன்கூட்டுப் பெட்டி தொங்கவிடுகிறார்கள். மீதியில் காளானும், தின்கிற கம்பளிப்புழுவும் பொறுக்குகிறார்கள். ஊரே இதில்தான் சாப்பிடுகிறது. இதற்கெல்லாம் வனத்துறை பெர்மிட் உண்டு. இந்த வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் காடு எப்படி இருக்கிறது என்று ஒரு மேப் வேண்டும். அதுதான் என் மேசைக்கு வந்தது.

ஏப்ரல் மாதப் படத்தில் காடு பச்சை. செப்டம்பர் கடைசியில் எடுத்த படத்தில் பாதிக் காடு துருப்பிடித்த தகரம் மாதிரிச் சிவந்து கிடந்தது.

எங்கள் மேப்பில் நான்கு நிறங்கள். பச்சை என்றால் நல்ல காடு, மஞ்சள் என்றால் மெலிந்த காடு, சிவப்பு என்றால் செத்த காடு. சாம்பல் நிறம் என்றால் "தெரியவில்லை, ஆளை அனுப்பிப் பார்க்கவும்". நான் சாம்பலை எடுக்கவில்லை, சிவப்பை எடுத்தேன். பிள்ளை பெற்றவள் நான். காய்ச்சல் என்றாலே டெங்கி என்று வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பழகியவள். முன்கூட்டியே எச்சரித்து வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அடியில் ஒரு வரியும் எழுதினேன்: "கரி எரிப்பு காரணமாக இருக்கலாம்."

மூன்று மணிக்கு அனுப்பிவிட்டு, பால் விடாத தே ஓ ஒன்று குடித்தேன். நன்றாக இருந்தது.

2. புற்றின் மேல் என் மகள்

இதே காட்டில்தான் என் மகள் யாழினி இருந்தாள். அனுப்பியது எங்கள் பாஸ் நஜீப். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, யாழினி வனவியல் முடிச்சிட்டு சும்மாதானே இருக்கா? அங்க மரம் அளக்க ஒரு ஆள் வேணும். மூணு மாசந்தான்லா."

"ஆப்பிரிக்காவுக்கா? தம்பி, நான் அவள அக்கரைல இருக்கிற பட்டர்வொர்த்துக்குத் தனியா அனுப்பவே யோசிப்பேன்."

"அவளுக்கு இருபத்து மூணு வயசாச்சுக்கா."

"அதனாலதான் சொல்றேன்!"

அவள் என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். போய்விட்டாள். நான் தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு பால்குடம் நேர்ந்துகொண்டேன்.

தினமும் எங்களுக்கு மதியம் ஒரு மணி, அங்கே காலை ஏழு. அப்போதுதான் கூப்பிடுவாள். முதல் நாள் வீடியோவில் அவள் தலை வானத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்கடி நிக்கிற?"

"புத்து மேலம்மா. இங்க மட்டுந்தான் லைன் கிடைக்கும்."

"புத்தா! எறங்கு! பாம்பு இருக்கும்!"

"இது கறையான் புத்தும்மா. நம்ம வீட்டு கூரை உசரம் இருக்கு. ஊரே இதுமேல நின்னுதான் போன் பேசுது. சீக்கிரம் பேசு, கீழ நாலு பேர் வரிசைல நிக்கிறாங்க."

அவள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணியின் பெயர் பானா சாண்டா. அந்த ஊரில் 'பானா' என்றால் அம்மா. சாண்டா அவருடைய மூத்த மகன். பெற்றவளைப் பிள்ளையின் பெயரால் அழைப்பதுதான் அங்கே மரியாதையாம். அந்தக் கணக்கில் நான் பானா யாழினி. இருபத்தாறு வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதுதான் பிடித்தது. பானா சாண்டாதான் காட்டுக் கமிட்டியின் செயலாளர். அவருக்குச் சொந்தமாகப் பதினொரு தேன்பெட்டிகள்.

ஆறு வாரம் தினமும் பேசினோம். சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? கொசுவலை கிழியலியே? ராத்திரி வெளிய போகலியே? புழு தின்னியா? ஐயோ, எத்தனை? இதுதான் எங்கள் பேச்சு.

மேப் அனுப்பியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோ அனுப்பினாள், அவளும் பானா சாண்டாவும் காட்டுக்குள் நிற்கிற மாதிரி. விரலால் பெரிதாக்கினேன். முழங்கையில் பிளாஸ்டர்! இன்னும் பெரிதாக்கினேன். கன்னம் ஒட்டியிருந்தது. உடனே கூப்பிட்டு, முழங்கை என்ன ஆச்சு என்று அரை மணி நேரம் விசாரித்தேன். பிறகு அதையே போனின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டேன்.

3. உன் குங்குமக் கலர் எனக்குத் தெரியாதா?

அடுத்த திங்கட்கிழமை ஒரு மணிக்குப் போன் வந்தது. 'அம்மா' என்ற குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வெளியே சாப்பிட்டுத் திரும்பியவள், காரை நிறுத்திவிட்டு ஆபீஸ் படியில் உட்கார்ந்தேன்.

"அம்மா, இங்க ஒரு மேப் வந்திருக்கு. நீ போட்டதா?"

"எந்த மேப்?"

"நடிக்காத. உன் குங்குமக் கலர் எனக்குத் தெரியாதா? மத்தவங்க எல்லாம் ஒரு செவப்பு வைப்பாங்க, நீ மட்டுந்தான் இப்படி வைப்ப."

என் மேப் வனத்துறைக்குப் போயிருந்தது. என் அடிவரியிலிருந்த "இருக்கலாம்" எங்கேயோ உதிர்ந்து, "கரி எரித்துக் காட்டை அழித்துவிட்டார்கள்" என்று ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி ஊருக்கு வருகிறார். மேப் சரிதான் என்று ஆனால் பெர்மிட் ரத்து. கரிச் சூளையை மூட வேண்டும், தேன்பெட்டிகளையும் இறக்க வேண்டும். யாருமே காட்டுக்குள் போகக் கூடாது.

"காடு செத்துருச்சுன்னு எழுதியிருக்க. நான் தினம் அந்தக் காட்டுக்குள்ளதாம்மா நிக்கிறேன்."

"செவப்பா இருந்துச்சுடி."

"செவப்பாத்தான் இருக்கும். தளிர் விடுது! இந்த மரங்க மழைக்கு முன்னாடியே தளிர் விடும். நான் அனுப்புன போட்டோல எனக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாத்தியா?"

போனைக் காதிலிருந்து எடுத்து முகப்புப் படத்தைப் பார்த்தேன். எட்டு நாளாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்த்த படம்தான். முழங்கைக்குப் பின்னால் காடு இருந்தது. கிளைக்குக் கிளை தாமிர நிறத்தில் மினுமினுத்தது. மாந்தளிர். என் கல்யாணப் பட்டுப் புடவையே அந்த நிறம்தான். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நான் கார் நிறுத்துகிற மாமரம் அந்த மாதம் அதே நிறத்தில்தான் துளிர்த்திருந்தது. காலையில் கண்ணாடியில் விழுந்திருந்த இரண்டு தளிரை நானே தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

படம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் காட்டை நேரில் பார்க்க எனக்கு ஒரு ஆள் இருந்தாள், அதுவும் நான் பெற்ற ஆள். தினமும் லைனில் வந்தாள். அவளிடம் ஒரு தடவையாவது "மரமெல்லாம் எப்படிடி இருக்கு?" என்று கேட்டதில்லை.

"பானா சாண்டா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"மேப் வந்ததுலேர்ந்து யார்கூடவும் பேசல. மேப் போட்டது நீதான்னு நான் இன்னும் சொல்லல. அவங்க வீட்லதாம்மா நான் சாப்பிடுறேன்."

4. இந்தப் பிணத்தைப் பாருங்கள்

நஜீப்பிடம் நேராகப் போனேன். எல்லாம் சொன்னேன்.

"அக்கா, ரிப்போர்ட்ட அவங்க ஏத்துக்கிட்டாங்களேக்கா. இப்போ தப்புன்னா நம்ம பேரு என்னாகும்?"

"தப்பா பாத்தது என் கண்ணு தம்பி. பேர அப்புறம் தேடிக்கலாம்."

அவர் தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, ஒன்றை முழுதாகக் குடித்து முடித்தார். பிறகு, "வாபஸ் வாங்குங்க. ஆனா சாரி மட்டும் பத்தாதுலா. ஆதாரத்தோட வாங்குங்க" என்றார்.

சிவப்புக்குள் இருபத்திரண்டு புள்ளிகளைக் குறித்து அனுப்பினேன். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, இடம் காட்டுகிற எண்ணோடு வீடியோ எடுக்க வேண்டும். யாழினி உண்மையைச் சொல்லிவிட்டாள். பானா சாண்டா, "உன் அம்மாவா? இத்தனை நாள் நீ புழு தின்னதுக்கு அழுத அம்மாவா?" என்று கேட்டாராம். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாராம். மரப்பட்டையைக் கீறத்தான் கத்தி. எனக்கு அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

புதன்கிழமை முழுக்க இருவரும் நடந்தார்கள். காட்டுக்குள் லைன் கிடைக்கிற சில மேடுகளில் ஏறும்போதெல்லாம் வீடியோக்கள் என் மேசையில் வந்து விழுந்தன. பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை. உயிருள்ள மரத்துக்கு அதுதான் அடையாளம். முதல் நான்கு மரங்களைப் பானா சாண்டா முறைத்துக்கொண்டே கீறினார். ஐந்தாவதிலிருந்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரத்துக்கு முன் கைகட்டித் தலைகுனிந்து நின்றார். அவர் பேசியதை யாழினி தமிழில் சொன்னாள்:

"பானா யாழினி, இந்தப் பொணத்தப் பாருங்க. ரொம்ப நல்ல மனுசன். போன வாரம் செத்துப்போயிட்டான்னு பினாங்குல இருந்து தகவல். அவனுக்குத்தான் இன்னும் விசயம் தெரியல."

அடுத்த மரத்தில் பூ விட்டிருந்தது. தேனீ மொய்த்தது. "இந்தப் பொணம் கல்யாணத்துக்கு ரெடியாயிருக்கு" என்றார். எங்கள் ஆபீஸே என் மேசையைச் சுற்றி நின்று சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே, "யாழினி, செருப்பப் போட்டுட்டு காட்டுக்குள்ள நடக்கிறியே, ஷூ எங்க?" என்று பதில் அனுப்பினேன்.

பதினேழாம் புள்ளியில் சிரிப்பு நின்றது. அங்கே நிஜமாகவே மரமில்லை. தேன்பெட்டிப் பகுதிக்குள் யாரோ புதிதாக வெட்டியிருந்தார்கள். வீடியோ கொஞ்ச நேரம் தரையையே காட்டியது. பானா சாண்டா அடிமரத்தை உதைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

அடுத்த மேட்டில் அவளுக்கு லைன் கிடைத்ததும் கேட்டேன்: "என்னடி சொல்றாங்க?"

"இது அவங்க கொழுந்தன் வேலையாம். 'இத செவப்பாவே விடச் சொல்லு. இத அழிச்சா மத்த இருபத்தொண்ணையும் எவன் நம்புவான்?'னு கேக்குறாங்க."

5. புற்றின் மேல் அதிகாரி

வியாழக்கிழமை எங்களுக்கு மாலை நான்கு மணி. என்னோடு பேச வேண்டும் என்று அதிகாரி சொன்னாராம். ஊரில் லைன் கிடைப்பது ஒரே இடத்தில். ஆகவே சீருடை போட்ட வனத்துறை அதிகாரி, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கறையான் புற்றின் மேல் ஏறினார். கீழே ஊரே நின்றது.

"மேடம், எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருபத்தாறு வருஷம், சார்."

"தளிர் என்று ஒன்று உண்டு என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லையா?"

ஸ்பீக்கரில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. என் காது சுட்டது. சொன்னேன்: எங்கள் ஊர் மலை வருஷம் முழுக்கப் பச்சை, பச்சை மாறினால் நோய் என்றே என் கண் பழகிவிட்டது, தெரியவில்லை என்று எழுத இடமிருந்தும் நான் எழுதவில்லை, காட்டில் ஆள் இருந்தும் கேட்கவில்லை, மேப் தப்பு, தப்பு செய்தது நான். இருபத்தொரு இடத்தில் மரம் உயிரோடு இருக்கிறது, ஒரு இடத்தில் வெட்டு உண்டு, அதைக் கமிட்டியே காட்டிக்கொடுத்தது என்பதையும் சொன்னேன்.

அவர் ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தார். படம் ஒரு சுற்றுச் சுற்றியது. வானம் தெரிந்தது, மண் தெரிந்தது, பிறகு ஒன்றுமில்லை.

திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. நஜீப் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் இன்னொரு பால்குடம் நேர்ந்துகொண்டேன், இந்தத் தடவை காட்டுக்காக. பன்னிரண்டு நிமிஷம் கழித்து யாழினி கூப்பிட்டாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அம்மா, ஆபீசர் புத்துலேர்ந்து வழுக்கி விழுந்துட்டாரு! அடி ஒண்ணும் இல்ல. எழுந்து மண்ணத் தட்டிக்கிட்டே, 'இந்த மேப் செல்லாது, பெர்மிட் தொடரும்'னாரு. மழைக்கப்புறம் திரும்ப வந்து பாப்பாங்களாம். வெட்டுன எடத்த மட்டும் மூடணும். பானா சாண்டா கொழுந்தன் தலைய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு."

ஆபீஸில் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு ஊரின் சோற்றையே பறிக்கப் பார்த்தவளுக்குக் கைதட்டல்! அப்போது சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில், பாலத்தின் நடுவில்தான் அந்த ஊரின் அடுப்புகளை நினைத்தேன். இப்போதும் சிவப்பை அழுத்தும்போது விரல் ஒரு கணம் நிற்கிறது. நிற்கட்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சாம்பல் நிறம் வைப்பது கேவலமில்லை. பயத்தில் அடிக்கிற சிவப்பு எச்சரிக்கையும் இல்லை. அந்த நிறத்துக்குள் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அவரிடம் கேளுங்கள்.

போன வாரம் அங்கே மழை பெய்துவிட்டது. யாழினி ஒரு போட்டோ அனுப்பினாள். இந்தத் தடவை அவளைப் பார்க்காமல் பின்னால் பார்த்தேன். எல்லாம் பச்சை, கண் கூசுகிற பச்சை. மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன்.

அப்புறம்தான் முழங்கையைப் பெரிதாக்கினேன். ஆறிவிட்டது. ஆனால் இன்னும் செருப்புதான் போட்டிருக்கிறாள்.