நான் துவைத்த கம்பளி

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கையில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த ஒரு வருடத்தில் எங்களுக்கு எல்லாமே கூடிவந்தது. கணவருக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை கிடைத்தது. மாமியார் வீட்டு நெரிசலை விட்டு லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் தனிக் காம்பராவுக்கு வந்தோம். பெண் குழந்தையும் பிறந்தது. காம்பரா என்றால் ஓர் அறையும் முன்னால் துண்டு வாசலும்தான். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே சுத்தப் பைத்தியம் வேறு. வாசலை நாளுக்கு மூன்று தடவை கூட்டுவேன்.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கொழுந்து பறிக்கும் மலையில் எனக்கு அடுத்த நிரை அவருடையது. பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து தாய்ப்பால் வற்றிப்போனது. அன்று முதல் தன் மாட்டின் பாலை அவரே கறந்து கொண்டுவந்து கொடுத்தார். மனிதர்கள் பெயரைச் சொல்லக் கூடாது, மாட்டின் பெயரைச் சொல்லலாம். அவள் லெட்சுமி.

பிரஜாவுரிமை கிடைக்காதவர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அக்காவின் கணவருக்கும் அங்கே ஊரிலிருந்து அண்ணன் வந்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டார். மாட்டை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கயிற்றை என் கையில் கொடுத்தார். மழைக்கும் குளிருக்கும் தலையில் போட்டுக்கொள்ளும் தன் பழைய கம்பளியையும் கொடுத்தார்.

"கறக்கப் போறப்ப இத போட்டுக்க புள்ள" என்றார். அதற்கு மேல் அழுகை அவரைப் பேச விடவில்லை. ராகலையில் தன் தம்பி வீட்டிலிருந்த அம்மாவோடு நாலு நாள் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை இந்தியக் கப்பலைப் பிடிக்க நானுஓயாவில் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. அவருடைய அம்மா இங்கேயே இருக்கப்போகிறவர்.

அந்தக் கம்பளியில் சாணமும் புகையும் வியர்வையும் சேர்ந்து ஒரு வீச்சம். குளிருக்குத்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதை எப்படி வைப்பது? அன்றைக்கே ஓடைக்குக் கொண்டுபோய், சவுக்காரம் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்துக் காயப்போட்டேன். பெருமையாகவும் இருந்தது.

மாலையில் லெட்சுமி என்னைப் பக்கத்தில் விடவில்லை. ஒரே உதை, செம்பு உருண்டது. கன்று முட்டினால் பால் விடுவாள், என் கை பட்டால் அடக்கிக்கொள்வாள். மறுநாளும் அதே கதை. லயத்தில் அரைக் கோப்பை, கால் கோப்பை என்று வாங்கிப் பார்த்தேன். மீதிப் பொழுதுக்குச் சீனித் தண்ணீர்தான். குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போனது. புதன்கிழமை காலையில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

கணவர் முதல் பஸ்ஸில் ராகலைக்கு ஓடினார். என்ன செய்வதென்று கேட்டு வரத்தான் போனார். மத்தியானம் பார்த்தால் அவருக்குப் பின்னால் அக்காவும் வருகிறார்.

கொடியில் தொங்கிய கம்பளியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மோந்து பார்த்தார். "இப்புடி வெளுத்துப்புட்டியே. எம் வாட இல்லாம, நாந்தான்னு லெட்சுமிக்கு எப்புடித் தெரியும்?" என்றார். திட்டுவார் என்று தலைகுனிந்தேன். அவரோ சிரித்தார். பிறகு உள்ளே போய், உடுத்தியிருந்த பழைய சேலையை அவிழ்த்து எனக்குக் கட்டிவிட்டு, என் சேலையைத் தான் கட்டிக்கொண்டார்.

மாட்டின் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, என் கைகளின் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டார். "சும்மா ஒக்காராத, பேசு. லயத்து வம்பாவது பேசு" என்றார். நான் லெட்சுமியிடம் என் பிள்ளை பட்டினி கிடப்பதைச் சொல்லி அழுதேன். அக்காவின் கை எப்போது விலகியது என்று தெரியவில்லை. செம்பில் பால் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்று அவர் திரும்பிப் போகவில்லை. "நா இல்லாம கறக்குறாளான்னு பாத்துட்டுத்தான் போவேன்" என்று தங்கிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவர் சேலையோடு நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். லெட்சுமி ஒருமுறை திரும்பி மோந்துவிட்டு அசைபோடத் தொடங்கினாள். செம்பு நிறைந்தது. சந்தோஷத்தில் வெளியே ஓடி வந்தால், கொட்டகைத் தகரத்துக்குப் பின்னால் அக்கா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றார். உள்ளே வந்து அவளை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன்.

"வேணாம் புள்ள. என்னையப் பாத்தா மறுபடி தேடுவா" என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் சேலையிலேயே பஸ் ஏறினார். ஜன்னலிலிருந்து கையாட்டியதுதான் கடைசி. அப்புறம் நான் அவரைப் பார்க்கவேயில்லை.

பிள்ளைக்குப் பால் கிடைத்த மகிழ்ச்சியில் அன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பல நாள் கழித்து, பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அம்மாவோடு இருக்க அவருக்குக் கிடைத்ததே நாலு நாள். அதில் ஒரு நாளை எனக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போயிருக்கிறார்.

அந்தச் சேலையை நான் துவைக்கவேயில்லை. என் மகளுக்கு இப்போது பேரப்பிள்ளையே இருக்கிறது. அவள் குடித்து வளர்ந்த பாலில், ஒரு பெண் தன் தாய்மடியில் இருந்திருக்க வேண்டிய ஒரு நாளும் கலந்திருந்தது என்பதை இன்றுவரை நான் மறக்கவில்லை.