தவிட்டுக்கு விற்ற பிள்ளை

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த ஆண்டுகளில் அரசாங்கம் எங்களை ஓயாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. காட்டிலுள்ளவர்களிடமிருந்து எங்களைக் காக்க முள்வேலி; முள்வேலியைக் காக்கக் காவலர்; அரிசி காட்டுக்குப் போய்விடாமல் காக்க வாயிலில் சோதனை. கோலா கிளாவாங் சாலையை ஒட்டிய எங்கள் இரப்பர்த் தோட்டத்தில் மடியும் முந்தானையும் தடவிப் பார்க்கப்படாமல் ஒருவரும் உள்ளே வந்ததுமில்லை, வெளியேறியதுமில்லை; தோட்டத் துரையின் நாய் ஒன்று நீங்கலாக.

அத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியன். ஓரறை, ஓராசிரியன், ஆகவே தலைமையாசிரியனும் நானே. எவருக்கும் விளங்காத தூய தமிழில் பேசுகிறவன் என்னும் பெருமதிப்பு எனக்கு இருந்தது. விளங்காமல் பேசுகிறவனைத்தான் நீதிமன்றத்துக்குத் துணையாக அழைப்பது மக்கள் இயல்பு.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், இரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பெண்ணொருத்தி இருந்தாள். முதலிரு பிள்ளைகளையும் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மூன்றாவது மகனும் காய்ச்சலில் விழுந்ததும், வழிவழியாகச் செய்வதைச் செய்தாள். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை, பிள்ளைகளோடு நன்றாக வாழும் வேறொருத்தியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். பிறகு பெற்றவளே வளர்க்கலாம். ஆனால் பெற்றவர் இருவரும் ‘என் பிள்ளை’ என்று வாய்திறந்து சொல்லலாகாது. தேடிவரும் கூற்றுவன் வீடு மாறிவிட்டதென்று திரும்பிப் போவான். பிள்ளை தேறி வளர்ந்தபின் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். கூற்றுவனும் ஓர் அரசாங்க அலுவலனே என்பது எங்கள் மக்களின் மதிப்பீடு: சொன்னதை நம்புவான், மேற்கொண்டு விசாரிக்கமாட்டான்.

வாங்கியவள் மாட்டுக்காரரின் மனைவி. ஐந்து ஆண்மக்களுக்குத் தாய். அவள் வீடு தோட்டத்தின் மற்றொரு பிரிவில், மற்றொரு முள்வேலிக்குள் இருந்தது. விற்பனை முடிந்து, மாட்டுத் தீனிதானே என்று அந்த வாயிற் காவலர் விட்டுவிட, இடுப்பில் பிள்ளையும் முந்தானையில் தவிடுமாக இவள் திரும்பியபோது எங்கள் வாயிலில் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி நின்றிருந்தார்.

“முந்தானையில என்னாடி?”

“தவிடுங்கய்யா.”

“யாருக்கு? காட்டுல உள்ளவனுக்கா?”

“ஐயோ, இல்லீங்கய்யா. புள்ளய வித்தேன். அதுக்குக் குடுத்தாங்க.”

“வித்த புள்ள எப்படிடி இடுப்புல இருக்கு?”

“இது அவங்க புள்ளதாங்கய்யா. நான் சும்மா வளக்குறேன்.”

அதிகாரத்தின்முன் உண்மையைச் சொன்னால் தீங்கு வராது என்று அவள் நம்பியிருந்தாள். கிராணிக்கு அவ்வழக்கம் தெரியாததன்று. ஆயினும் தெரிந்ததைத் தெரியாதெனக் கொண்டு மேலிடத்துக்கு அறிவிப்பதே அந்நாளில் உத்தியோகத்துக்குப் பாதுகாப்பு. அறிவித்தார். காட்டிலுள்ள எவரும் தவிடு தின்பதில்லை எனக் காவல்துறை கண்டறிந்தது; தவிடு திரும்பி வந்தது. பிள்ளையைப் பற்றிய செய்தி மட்டும் சிரம்பானில் இருந்த சமூகநல அலுவலகத்துக்குப் போயிற்று.

அங்கிருந்து வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் மகிழுந்தில் வந்தார். பிள்ளை யாருடையது என்று கேட்டார். தாய், “என்னோடது இல்லீங்க” என்றாள். தந்தை கைகட்டிக் கூரையைப் பார்த்து, “என்னோடதும் இல்லீங்க” என்றார். பெற்றோர் இருவரும் இத்துணை ஒற்றுமையாகப் பேசியது அவர்கள் மணவாழ்வில் அதுவே முதன்முறையாக இருக்கக்கூடும். விற்கப்பட்டு, பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தை என்று முடிவாயிற்று. பிள்ளையைச் சிரம்பானில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவன் அங்கேயே வளரவேண்டுமா என்பதை நீதிவான் தீர்மானிப்பார் என்றார்கள்.

கட்டணம் வாங்காமல் வாதாட ஓர் இளம் வழக்குரைஞர் இசைந்தார். அறம், தாய்மை, தொல்குடி மரபு என விரித்து நான் எழுதிக்கொண்டுபோன விண்ணப்பத்தை மிகுந்த மரியாதையோடு வாங்கிப் பையில் வைத்தார். அதை மீண்டும் வெளியே எடுத்ததாக நினைவில்லை. பிறகு தாயிடம் பேசினார்.

“அம்மா, கோர்ட்டுல ‘என் பிள்ளை’ன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

“அத மட்டும் சொல்லச் சொல்லாதீங்கய்யா. சொன்னா செத்துருவான்.”

“சொல்லலைன்னா ஹோம்லயே வச்சிருவாங்கம்மா.”

“ஹோம்ல உசுரோட இருப்பான்லய்யா?”

இங்கிலாந்தில் சட்டம் கற்ற அவர் என்னைப் பார்த்தார். இலக்கணம் கற்ற நான் அவர் பையிலிருந்த என் விண்ணப்பத்தைப் பார்த்தேன்.

ஆனால் அவர் வேறொன்று செய்தார். எதிர்த்தரப்பான அந்த அம்மையாரிடமே சென்று, வாங்கியவளையும் ஒருமுறை விசாரியுங்கள் என்று வேண்டினார். குற்றஞ்சாட்டியபின் விசாரிப்பது அக்கால வழக்கமன்று. அம்மையார் அதை அறியாதவர் போலும், வந்துவிட்டார். மாட்டுக் கொட்டகையில் அனைவரும் கூடினோம்.

“ஆமா, வாங்குனேன்” என்றாள் மாட்டுக்காரர் மனைவி. “அஞ்சு பயலுக என்னத் தின்னுறது பத்தலன்னா ஆறாவது வாங்குனேன்? புள்ள பொழைக்கட்டுமேன்னு வாங்குனேன். தவிட்டக் கொண்டாரச் சொல்லுங்க, இந்த நிமிசமே திருப்பிக் குடுக்குறேன்.”

தாய் கொட்டகை வாசலை எட்டிப் பார்த்தாள். “இப்பவே மீட்டா ஆவாதுக்கா. எமன் மறுபடியும் வந்துட்டா?”

“எப்படிடி வருவான்? கேட்டுல அடையாளக் கார்டு கேப்பாங்கல்ல! கார்டு இல்லாத ஆளு இந்த மலாயாவுல எங்கடி நடமாட முடியுது? வந்தா அவனையும் புடிச்சு உள்ள போட்டுருவானுவ. பேசாம புள்ளய மீட்டுக்கடி.”

வழக்குரைஞர் எமன் உட்பட எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். அம்மையார் சிரிப்பார் என எதிர்பார்த்தேன், எதிர்பார்ப்பு வீணாயிற்று. எவ்வளவு தவிடு என்று மட்டும் கேட்டார். பிறகு, விசாரணை நாளன்று பிள்ளை நீதிமன்றத்துக்கு வருவான், தவிடும் வரட்டும் என்றார்.

தவிடு எப்படி வரும்? வேலிக்கு வெளியே பிடியரிசி கொண்டுபோனவர்கள் சிறையில் இருந்தார்கள். அதற்கும் அம்மையாரே வழிசெய்தார். விசாரணை நாளன்று தம் மகிழுந்தை லயத்துக்கே கொண்டுவந்து, தவிடு நிறைந்த மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தம் கையாலேயே தூக்கிப் பின்னிருக்கையில் என் மடிமீது வைத்தார். இருபுறமும் விற்றவளும் வாங்கியவளும்; நடுவே நான், செந்தமிழும் தகரமுமாக. எங்கள் முந்தானைகளை நாள்தோறும் உதறிப் பார்த்த காவலர், அரசாங்க வண்டிக்கு விறைப்பாக வணக்கம் வைத்தார். அத்தகரத்துக்குக் கிடைத்த மரியாதை என் ஆசிரியப் பணியில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

பேருந்தில் வந்த தந்தை நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்தார். காப்பகத்துச் செவிலி பிள்ளையைக் கொண்டுவந்தாள். காலில் சப்பாத்து, தலையில் வகிடு. தாயைக் கண்டதும் கைநீட்டினான். அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தகரத்தைத் திறந்து தவிட்டை மாட்டுக்காரர் மனைவியின் மடியில் கொட்டும்வரை அவன் பக்கம் திரும்பவே இல்லை. மாட்டுக்காரர் மனைவி பிள்ளையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

“இந்தா, ஒன் புள்ள. எனக்கும் இவனுக்கும் இனி ஒண்ணும் இல்ல.”

தாய் அவன் சப்பாத்தைக் கழற்றிச் செவிலியிடம் கொடுத்தாள்.

உள்ளே நீதிவான், இது உன் பிள்ளையா என்று கேட்டார்.

“ஆமாங்க தொரை, எம் புள்ளதான். இப்பத்தான் வெளியில வச்சு வாங்குனேன்.”

வழக்குரைஞர் கண்களை மூடிக்கொண்டார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் முதியவர். ஒரு சொல்லையும் விடாமல் பெயர்ப்பவர் என்று பெயரெடுத்தவர். அவர் ஒருகணம் மேற்கூரை மின்விசிறியைப் பார்த்தார். பின்பு நீதிவானிடம், “யெஸ்” என்றார். அவ்வளவே. அம்மையார் எழுந்து, தம் அலுவலகத்துக்கு மறுப்பில்லை என்றார். பெற்றோரிடமே பிள்ளை சேர்ந்தான்.

அந்தப் பிள்ளைக்கு இன்று செனாவாங்கில் வீடும் பேரப்பிள்ளைகளும் உண்டு. ஆனால் அன்று மாலை அவன் தாய்க்கு அது தெரியாதே.

திரும்பும்போது எங்களுக்கு அரசாங்க வண்டி இல்லை. பேருந்திலிருந்து இறங்கி நடந்தோம். வாயிலில் வழக்கம்போல் கிராணி. தாயின் முந்தானையை உதறச் சொன்னார். தகரத்திலிருந்து கொட்டியபோது ஒட்டிய சில தவிட்டுத் துகள்கள் விழுந்தன.

“என்னாடி இது?”

“ஒண்ணுமில்லீங்கய்யா.” அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

“இடுப்புல யாரு?”

அவள் வேலிக்கு அப்பால் இருண்டுகொண்டிருந்த மரங்களை, அங்கே எமன் காதுகொடுத்து நிற்பதுபோல், ஒருமுறை பார்த்தாள். பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்து, வெளித்தெரிந்த காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“எம் புள்ளங்கய்யா.”