பொட்டலத்தில் இல்லாத பூ

ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து எனக்கு வேலைக்கு அழைப்பு வந்த அதே வாரத்தில்தான், என் கணவர் சாமி முன்னால் பூப்பொட்டலம் வைத்து, கம்ப்யூட்டர் விளையாட்டில் தான் யாராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம்பச் சிரமமாக இருக்கும். கல்யாணமான புதிதில் நானும் இவரைப் பற்றிப் பல விஷயங்களை நம்பவில்லை.

பூக்கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் எடுக்க, கிணறு வெட்ட, வீட்டுக்கு வாசல்நிலை வைக்க, எதற்கும் சாமியின் வாக்கு வேண்டும். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனிக் காகிதத்தில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். இவரைக் கட்டிக்கொள்ளலாமா என்று என் வீட்டில் கேட்டபோதும் வெள்ளைதான் வந்ததாம். வந்த வெள்ளை இதோ, பனியனோடு உட்கார்ந்து இன்னும் சோறு ஆகவில்லையா என்று கேட்கிறது.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் என் கொழுந்தனார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜர். மழைக்காலம் வந்தால் வண்டிக்கும் ஓய்வு, அவருக்கும் ஓய்வு. வெட்டவெளியில் ஓர் ஊரை உண்டாக்க வேண்டும், பனிக்காலமும் பசியும் ஓநாயும் வரும், எல்லாவற்றையும் தாண்டி ஊர் நிற்க வேண்டும், அதுதான் ஆட்டம். மூன்றாவதாக ஓர் ஆள் தேவைப்பட்டதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டார்கள்.

தொடங்கும்போதே ஆளுக்கொரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவருக்குச் சிவப்பு அங்கியும் கொடியும் தருகிறார்கள். வணிகருக்கு ஒரு கழுதை. மருத்துவச்சிக்கு மூலிகைப் பை, சமையல்காரிக்குப் பானை, விவசாயிக்கு மண்வெட்டியும் ஒரு மூட்டை விதையும். வரிசையின் கடைசியில் நாடோடி. அவன் கையில் ஒன்றுமே இல்லை. எந்தத் தொழிலும் தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் மெதுவாகக் கற்றுக்கொள்வான் என்று அவன் காலடியில் எழுதியிருந்தது. ஒருமுறை எடுத்த தொழிலை அந்த ஊர் இருக்கிறவரை மாற்ற முடியாது.

"இதை எந்தக் கூமுட்டை எடுப்பான்?" என்று நாடோடியைப் பார்த்து என் கணவர் சிரித்தார்.

"யாராச்சும் ஒருத்தர் விவசாயி எடுக்கோணுமில்லீங்க?" என்று கேட்டேன்.

"காட்டுல மம்முட்டி புடிக்கறவனுக்கு நெசத்துலயே எவனும் பொண்ணு குடுக்கறதில்லீங்கண்ணி. கேம்லயும் நான் தனியாத்தான் நிக்கோணுமா?" என்றார் கொழுந்தனார். அவருக்கு ஏழு வருடமாகப் பெண் பார்க்கிறார்கள். ரிக் வண்டி மேனேஜருக்கும் யாரும் கொடுக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அதற்குள் என் கணவர் வாசலுக்குப் போய் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்து வந்துவிட்டார். நூல் மில்லில் முப்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர். தலைவரா, வணிகரா என்று கேட்டார். எங்கள் ஐந்து வயது மகளைக் கூப்பிட்டு, "தங்கம், கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடு" என்றார். வெள்ளை வந்தது, தலைவரானார். கழுதை தம்பிக்குப் போனது. பிறகு எனக்காக இரண்டு பொட்டலம் மடித்தார். வெள்ளை என்றால் சமையல்காரி, சிவப்பு என்றால் மருத்துவச்சி. எனக்கு என்ன வேண்டும் என்று சாமியைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. மறுபடியும் வெள்ளை.

"சாமியே சொல்லிருச்சு பாத்தியா புள்ள."

வேதியியலில் முதுகலை முடித்தவள், திரையிலும் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். இவர்கள்மேல் இருக்கும் இளக்காரத்தில் பாதியை அன்றைக்கு நின்ற அந்தப் பெண்மேலும் வைத்திருக்கிறேன்.

ஊர் நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். குடிசை ஒன்றுகூட இல்லை, தலைவர் முதல் வேலையாக ஊர் எல்லையில் ஒரு வரவேற்பு வளைவு கட்டினார். இருந்த மரமெல்லாம் அதற்கே போனது. வணிகர் விற்க எதுவும் இல்லாமல் கழுதையோடு காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சோத்த ஆக்கு புள்ள" என்று தலைவர் உத்தரவு போட்டார். "எதப் போட்டுங்க ஆக்கறது?" என்றேன். பனிக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள் கழுதையை அறுத்தோம். நான் சமைத்தது அது ஒன்றைத்தான். அப்புறம் மூன்று பேரும் அந்த வளைவுக்கு அடியிலேயே பசியில் செத்துப்போனோம்.

"ஞாயித்துக்கெழம நாலரைக்கு மேல ராகு காலமப்பா. அதுல ஆரம்பிச்சது தப்பாப் போச்சு" என்று அண்ணன் சொன்னார். தம்பி ஆமாம் போட்டார். விவசாயியைப் பொட்டலத்தில் வைக்காமல் விட்டது தப்பு என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. உள்ளே வைக்காத பூவைச் சாமி எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

மறுநாள் இவர் மில்லுக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, நான் தனியாக உட்கார்ந்து நாடோடியை எடுத்தேன். பூக்கேட்கவில்லை. கிழங்கு தோண்டப் பழகுவதற்கே ஒரு காலைப்பொழுது ஆனது. நெருப்பு மூட்ட அதற்கு மேல். இரண்டு முறை செத்தேன். புதன்கிழமை ஒரே ஒரு கோணல் குடிசையோடு பனிக்காலத்தைத் தாண்டிவிட்டேன். பார்க்கச் சகிக்காத ஊர், வளைவும் இல்லை, கொடியும் இல்லை. ஆனால் உயிரோடு இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆத்தூர் வேலை பரிசோதனைக் கூடத்தில். ஜவ்வரிசியின் ஈரப்பதம், வெண்மை, மாவுச்சத்து எல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் செய்த வேலைதான். ராசிபுரம் போய் பஸ் மாறினால் ஆத்தூர். இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கம்மா, இல்லன்னா வேற ஆளு பாத்துடுவோம்" என்று அங்கிருந்த அம்மா போனில் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். வாரம் முழுக்க இவரிடம் நான்கு முறை சொன்னேன், நான்கு முறையும் "பாக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தால், சாமி படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலம். மகளைக் கிழக்குப் பார்த்து நிற்க வைத்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெள்ளைக்கு என்னங்க, செவப்புக்கு என்னங்க?"

"வெள்ள வந்தா இந்த வருசம் வேண்டாம். செவப்பு வந்தா எப்பவுமே வேண்டாம், ஊட்டையும் புள்ளையையும் பாத்துக்கோ. சாமி சொன்னாச் சரியா இருக்குமல்ல?"

"போறதுக்கு எந்தப் பூங்க?"

பூ எங்காவது தவறிப் போய்விட்டதா என்று தேடுகிறவரைப் போல அலமாரியைப் பார்த்தார். சூது செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இந்த மனிதருக்கு அப்படி ஒரு பூ உண்டு என்பதே தோன்றியிருக்கவில்லை. ஆறு வருடத்தில் இவர்மேல் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

சாமி முன்னாலேயே நின்று ஆத்தூருக்குப் போன் போட்டேன். "திங்கக்கிழமை வாரேனுங்க" என்று சொல்லி வைத்தேன்.

"வெச்ச பொட்டலத்தப் பிரிக்காம உட்டா சாமி குத்தமாயிரும் புள்ள!" என்றார். நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

மகள் கையை அவர் கையில் கொடுத்தேன்.

"அப்ப எடுக்கச் சொல்லுங்க. இப்ப உங்களுக்குக் கேக்கறேன். வெள்ள வந்தா திங்கக்கிழமையிலிருந்து சோறு நீங்க ஆக்கோணும். செவப்பு வந்தா கொழம்பும் சேத்து."