பெசோவும் ரெண்டு வீசைக்கல்லும்

தராசு பிடிக்க வருகிற இளைஞர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். இத்தனை வருஷம் கழித்தும், நினைத்தால் எனக்குப் படபடப்பு அடங்குவதில்லை.

ஆம்பூர் டேனரியில் அப்போது நான் எடைக்காரன். தோல் பதனிட வருகிற ஆவாரம்பட்டையை நிறுத்து வாங்குவது என் வேலை. அன்று சனிக்கிழமை, கூலி நாள். பள்ளிகொண்டாவிலிருந்து பட்டை கொண்டுவரும் குப்பம்மாள், வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு நின்றாள்.

“வூட்ல நிறுத்தா இருவது வீசை. இங்க வந்தா பத்தொம்போது. ஒவ்வொரு வாட்டியும் இதே பேஜார்!”

“என் கைமேலயே சந்தேகமா? இஷ்டம் இல்லன்னா வண்டிய ஓட்டிக்கினு போ!” என்று கத்தினேன். மூன்று வருஷமாகத் தராசு பிடிக்கிறவன், கோபம் வராதா?

அந்த நேரம் பார்த்து முதலாளி சாயபு, தோல் வாங்க வந்த ஒரு ஸ்பானியத் துரையோடு கொட்டகைக்குள் நுழைந்தார். தராசைக் கண்டதும் துரைக்கு ஒரே உற்சாகம். சட்டைப்பையிலிருந்து பெரிய பழைய வெள்ளிக்காசு ஒன்றை எடுத்து நீட்டி மளமளவென்று பேசினார். கூட வந்த துபாஷி விளக்கினார்.

“இதுக்குப் பேரு பெசோ. அவங்க பாஷைல பெசோன்னா எடை. ஆதியில வெள்ளிய நிறுத்துத்தான் குடுப்பாங்களாம். அப்புறம் அந்த எடைக்கே காசு அடிச்சாங்க. எடையோட பேரே காசுக்கு நின்னுபோச்சு.”

எனக்குப் புல்லரித்தது. குப்பம்மாள் அசரவில்லை.

“இதுல இன்னா அதிசயம்? நம்ம ரூவாயும் எடைதான். ஒரு ரூவா ஒரு தோலா. ஒரு வீசை எடைக்கு நூத்தி இருவது ரூவா. கூலிப் பணம்தான் கீதே, இந்தக் கல்லுக்கு எதிர்ல கொட்டிப் பாரு!”

சாயபு சிரித்தார். “போடு முனிசாமி. துரையும் பாக்கட்டும்.”

எனக்குத் துளிகூடப் பயமில்லை. ஜெயித்தபிறகு அவளை எப்படித் திட்டுவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். ஒரு தட்டில் ரெண்டு வீசை எடையுள்ள அந்த இரும்புக் கல். மறு தட்டில் இருநூற்று நாற்பது ரூபாய். வேலையாட்கள் எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள்.

கல் எழவே இல்லை.

“ராணி தலை ரூபா தேஞ்சிருக்கும்,” என்றேன்.

“அப்ப புதுசு, ராஜா தலையாப் பொறுக்கிப் போடு!”

பொறுக்கிப் போட்டேன். அப்போதும் எழவில்லை. மேற்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பன்னிரண்டாவது ரூபாயில் முள் நேராக நின்றது. இருநூற்று நாற்பதுக்குப் பன்னிரண்டு என்றால், இருபது வீசைக்கு ஒரு வீசை; அவள் சொன்ன அதே கணக்கு.

சாயபு கல்லைக் கவிழ்த்தார். அடியில் குடைந்து, இரும்பைவிடக் கனமான ஈயத்தை ஊற்றி, மேலே கறுப்பு பூசியிருந்தது. ஊற்றியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

“கம்மியானது அத்தனையும் குடுத்துர்றேம்மா,” என்றார் சாயபு. நான் தலையைத் தொங்கப்போட்டபடி மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டியிருந்தால் தேவலாம்.

“நீ இன்னா பண்ணுவ? குடுத்த கல்ல வெச்ச,” என்றாள்.

அன்றிலிருந்து வேலையை விடும்வரை, கூலி நாள் தவறாமல் ரூபாய் வைத்துக் கல்லைச் சோதித்தேன். நீங்களும் கையில் வாங்குகிற கல்லை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். ஈயம் நான் ஊற்றவில்லைதான். ஆனால் அந்தக் கல்லை மூன்று வருஷம் தட்டில் வைத்தது என் கைதான்.