மெஷினைத் தொடாமல் பதில் சொல்வது

டிப்ளமோ முடித்தவர்கள் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம்; லேட்டரல் என்பார்கள். பாலிடெக்னிக்கில் படித்ததற்கு ஒரு வருஷத்தைக் கழித்துக் கொடுக்கிறார்கள். கேட்டபோது லாபமாகத்தான் தெரிந்தது. அந்த ஒரு வருஷத்துக்குள் கணக்கில் பாதியை நடத்தி முடித்திருக்கிறார்கள் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

எனக்கு இன்னொரு வழியும் திறந்திருந்தது. ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனி; ஒரே காம்பவுண்டுக்குள் தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும் நடக்கும். அம்மா அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். என் டிப்ளமோ பயிற்சியும் அங்கேதான், மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிரிவில். அதன் இன்சார்ஜ் எனக்கு ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தார்.

"காலேஜ் புடிக்கலன்னா வந்துடும்மா. ஆயுத பூஜைக்குள்ள சொல்லிடு. அப்புறம் வேற ஆள எடுத்துடுவேன்."

அம்மா எதையும் நேராகச் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், சீட்டு காலியாகவே இருக்கிறது என்று மட்டும் சாப்பிடும்போதெல்லாம் சொன்னாள்.

முதல் கணக்கு வகுப்பில் பேராசிரியர் போர்டு நிறைய எழுதிவிட்டு, "இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்லயே பார்த்துட்டீங்க" என்று ஒரே வரியில் தாண்டிப் போனார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மற்றவர்களைவிட வேகமாக ஆட்டினேன். முதல் தேர்வில் பெயில். விடைத்தாளைக் கொடுக்கும்போது அவர் திட்டவில்லை. "லேட்டரலா?" என்று மட்டும் கேட்டார், ஜுரமா என்று கேட்பதுபோல.

போகட்டும், லேப் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். மெஷினைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை நான். எங்கள் பாலிடெக்னிக்கில் வாய்மொழித் தேர்வு என்றால் பாதி கைமொழி. லேத்தில் இது எதற்கு என்று கேட்டால், போய் அதைப் பிடித்து நகர்த்திக் காட்டுவோம். மார்க் விழும்.

இங்கே இரும்புக் கம்பியை முறுக்கிச் சோதிக்கிற மெஷின் முன்னால் நிறுத்தி லேப் சார் கேட்டார்: "முறுக்கும்போது கம்பியில எங்க அழுத்தம் ஜாஸ்தி?"

கம்பியின் வெளிப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்தேன். "இங்க சார்."

"ஏன்?"

நான் பழக்க தோஷத்தில் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். பின்னால் சிரிப்பு வெடித்தது.

"கைய எடும்மா," என்றார் அவர். "பரீட்சைக்கு மெஷின் உன்கூட வராது. வாயால சொல்லு."

விரலுக்குத் தெரிந்த விஷயம் தொண்டைக்குத் தெரியவில்லை. அன்று மதியம் இன்சார்ஜின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். பாகாயத்திலிருந்து வருகிற, என் பெஞ்சில் உட்காருகிற பெண் டீயோடு வந்தாள். பிளஸ் டூவிலிருந்து வந்தவள், கணக்கில் புலி.

"இன்னாடி, மெஷின ஆன் பண்ணாதான் டீ குடிப்பியா?"

"போடி. நான் வேலைக்கே போய்ட்றேன்."

"போயி?"

"டிரம் ரிப்பேர் பண்றேன்."

டிரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப்பீப்பாய், படுத்தபடி சுற்றும், உள்ளே தோலும் தண்ணீரும் என்றேன். அதற்குமேல் வார்த்தை போதாமல் மேஜையில் தட்டிக் காட்டினேன். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மொத்தத் தோலும் புரண்டு விழும்: தொம். நடுவில், உள்ளே இருக்கிற மரக்கட்டைகள் தோலைத் தூக்கிப் போடும்: தப்தப்தப். மறுபடியும் தொம்.

அவள் டீயை வைத்துவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் பெரிய அலை ஒன்றை வரைந்தாள். "இது உன் தொம்." அதற்குள் சின்ன அலைகள். "இது தப்தப்." இரண்டையும் சேர்த்துக் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தாள். "மெஷின்ல பாத்தா இப்படித்தான் அதிரும். இந்தக் கோணல்ல இருந்து அந்த அலைங்களத் திரும்பப் பிரிச்சு எடுக்கிறதுதான்டி ஃபூரியர் கணக்கு. நீ பெயிலானது இதுலதான்."

நான் திரும்பவும் தட்டினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தட்டாம சொல்லு பாக்கலாம்."

திக்கித் திணறிச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் தப்பு என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடிந்ததும் முதல் வருஷக் கணக்கை உட்கார்ந்து நடத்துகிறாள். என் மூளையைத் திட்டிக்கொண்டேதான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வீட்டாரையும் வரச் சொல்வார்கள். அம்மாவோடு பஸ்ஸில், அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்து போனேன். மெஷின்கள் எல்லாம் ஓய்ந்து, சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. டிரம்முக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்றிருந்தபோது இன்சார்ஜ் பொரிப் பொட்டலத்தோடு வந்தார்.

"இன்னாம்மா, எப்ப சேர்ற?"

அம்மா என்னையே பார்த்தாள். என் கை டிரம்மின்மேல் இருந்தது. எடுத்துவிட்டுச் சொன்னேன். "காலேஜ்லயே இருக்கேன் சார்."

"கணக்கெல்லாம் பாஸா?"

"பெயில் சார்."

"அப்புறம்?"

"இது ஏன் இப்படி அதிருதுன்னு ட்ரெய்னிங்கப்போ உங்களக் கேட்டேன். டிரம்னா அதிரும்னீங்க. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு சார். இன்னும் போட வரல. வர்ற வரைக்கும் படிக்கிறேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "சீக்கிரம் போட்டுட்டு எனக்கும் சொல்லு. இதுக்கு பேரிங் மாத்தி மாத்தியே பேஜாராப் போச்சு." பொரியைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெயில்னு அவ்ளோ சத்தமாவா சொல்லணும்?"

"கேட்டாரே."

"அடுத்த பரீட்சையில?"

"தெரியலம்மா. ஆனா இப்ப எது தெரியலன்னு தெரியுது."

அம்மா பொரியைக் கொஞ்சம் வாயில் போட்டு மென்றாள். பஸ் பாலத்தின்மேல் ஏறி இறங்கியது.

"ஒடுகத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு புதுசா சேர்ந்திருக்கு," என்றாள். "வந்ததுல இருந்து இந்த சீட்ட கேக்குது. யாரோ வராங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். உக்காரச் சொல்லிடட்டா?"

"சொல்லிடும்மா."