சித்தப்பா தொடாத விஸ்கி

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குச் சித்தப்பாவின் வெந்துபோன உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது. எண்பதுகளின் கடைசியில், பம்பாயில், என் மேலதிகாரியின் வீடு. வெளிநாடு போய்வந்த பெருமையோடு அவர் ஸ்காட்ச் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். சதுப்பு நிலத்து மக்கிய மண்கட்டிகளை எரித்து அந்தப் புகையில் பார்லியைக் காயவைப்பார்களாம். பிறகு ஷெர்ரி என்கிற திராட்சை மது இருந்த மரப்பீப்பாயில் வருஷக்கணக்காக ஊறப்போடுவார்களாம். முதலில் அணைந்த விறகின் நெடி, அதற்குள்ளேயே ஆஸ்பத்திரி டிஞ்சர். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் உலர்ந்த திராட்சையும் கருப்பட்டியும். நல்ல சரக்குதான். இரண்டாவது வாய் எனக்கு இறங்கவில்லை.

இதே வாசனையை மதுவிலக்கு இருந்த எழுபதுகளில், எங்கள் திருவண்ணாமலை வீட்டில் முகர்ந்திருக்கிறேன். ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு அப்பா தமிழ் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது அவர், தான் கொஞ்சம் குடித்து மூடிவைத்திருந்த பாட்டிலை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா சொட்டுத் தொடாதவர். மிலிட்டரியில் இருந்து ஓய்வுபெற்ற வேலூர் மாமாவுக்கு, அதாவது என் அத்தை புருஷனுக்கு ஆகும் என்று பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். பீரோ சாவி எப்போதும் கதவிலேயே தொங்கும்.

மாமா கார்த்திகை தீபத்துக்கு வந்தார். மறுநாள் மத்தியானம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாட்டிலைத் திறந்தார்கள். ஆயுசு பூரா ரம் குடித்தவர் மாமா. உலகத்துச் சரக்கெல்லாம் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு. ஒரு வாய் வைத்தார், துப்பினார்.

"எவனோ நல்லதக் குடிச்சிட்டு சாராயத்த ஊத்தி வெச்சிருக்கான் மச்சான். பொகை நாத்தம் ஜாஸ்தியா அடிக்குது பாருங்க. காய்ச்சினவன் அடிப்பிடிக்க விட்டுட்டான்."

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மூக்கருகிலும் நீட்டினார். எங்கள் வீட்டில் குடிப்பவர் சித்தப்பா ஒருவர்தான். லாரி ஷெட்டில் வேலை. சம்பள நாளில் திருட்டுச் சாராயம் குடித்துவிட்டு வந்து சத்தமில்லாமல் படுத்துவிடுவார். அதனால் விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்தவரை அப்பா வாசலிலேயே நிறுத்தினார்.

"குடிக்கறவன்தான், இல்லன்னு சொல்லலண்ணா. ஆனா இத நான் தொடவே இல்ல."

"அப்ப மலையப் பாத்து கற்பூரம் அணைடா."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தால் போதும். சித்தப்பாவுக்கு வந்த கோபத்தில், எரிய எரிய அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தீரும்வரை மலையைப் பார்த்து நின்றார். அம்மா ஐயோ என்று ஓடிவந்தாள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா?

"குடிகாரனுக்கு சாமியாவது, சத்தியமாவது."

பாட்டிலை மாமா சாக்கடையில் கவிழ்த்தார். சித்தப்பா அந்த வாரமே பெங்களூர் போய்விட்டார். அங்கேயும் ஒரு லாரி ஷெட். சொந்தக்காரர்களின் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை போகாது. வீட்டுக்குள் விட்டால் பீரோவைத் திறப்பான் என்று பேசிக்கொள்வார்கள். ஒருமுறை நான் பார்க்கப் போனபோது ஸ்பேனரை விரல் நுனிகளால்தான் பிடித்தார். உள்ளங்கை சரியாக மடங்கவில்லை. "உங்கப்பா எதாச்சும் சொன்னாராடா?" என்று மட்டும் கேட்டார். நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். பம்பாயில் அந்தக் கோப்பை என் கைக்கு வருவதற்கு முந்தின வருஷம் இறந்துபோனார். சாவுக்குக்கூட அப்பா போகவில்லை.

மேலதிகாரியிடம் கேட்டு ஒரு மருந்துப் புட்டியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவின் முன்னால் மூடியைத் திறந்து நீட்டினேன். இதில் கலப்படமே இல்லை, இந்த விஸ்கியின் வாசனையே இதுதான், சித்தப்பா தொட்டிருக்க மாட்டார் என்று பொறுமையாகச் சொன்னேன். அப்பா வெகுநேரம் முகர்ந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்ததைப் பார்த்தேன். புட்டியை அவரே இறுக்கி மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அது வேற, இது வேற" என்றார்.

செத்துப்போன தம்பிக்காக அந்த மனிதரால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா எழுந்து போய் உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.